பெண்முகப் பாம்பு

சின்யோரா என் கையால் சாப்பிட மறுத்து வாயை மூடிக்கொண்டது ஒரு குளிர்கால மத்தியானம். பேரிக்காயைத் தோல் சீவி, அவருடைய பலமில்லாத பற்களுக்கு ஏற்றபடி மெல்லிய துண்டுகளாக நறுக்கி, ஒன்றை முட்கரண்டியில் குத்தி நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். குனிந்து நின்றதில் என் பின்னல் தோளால் வழுக்கி முன்னால் விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, "செர்பெந்தே" என்றார்.

பாம்பு.

நான் சிரித்துவிட்டேன். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அந்தப் படத்தை வைத்து எங்களுக்குள் ஒரு பழைய பகிடி இருந்தது.

பலெர்மோவின் கால்சாப் பகுதியில், கடற்கரை வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே இருந்த அந்த வீட்டில், வீட்டுக்காரியான சின்யோராவைப் பார்த்துக்கொண்டு நான் பல வருடங்களாகத் தங்கி வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் வாடகைக்கு இருந்த அறைக்குப் போவேன். என் கணவர் வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். சின்யோராவின் கணவர் பழைய புத்தகங்கள் வாங்கி விற்றவர். நான் வேலைக்கு வருமுன்னரே இறந்துவிட்டார். எங்கோ சிதைந்துபோன ஒரு பழைய வேதாகமத்திலிருந்து அவர் எடுத்துவந்து சட்டம் போட்ட இரண்டு மரக்கட்டை அச்சுப் படங்கள் சாப்பாட்டு அறையில் தொங்கின. ஐந்நூறு வருடப் பழையவை என்று சின்யோரா சொல்வார். பலகையில் உளியால் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி, கடதாசியில் அழுத்தி எடுத்தவை. நிறம் கிடையாது. கறுப்புக் கோடும் மஞ்சளேறிய கடதாசியும்தான்.

ஒன்றில் ஏவாளும் ஆதாமும் மரத்தின் இரண்டு பக்கமும் நிற்பார்கள். நடுவில் மரத்தைச் சுற்றிய பாம்பு. அந்தப் பாம்புக்குப் பெண்ணின் தலை. நீண்ட கூந்தல் முறுக்கு முறுக்காக உடம்போடு இறங்கி வரும். எது கூந்தல், எது பாம்பு என்று பிரிக்க முடியாது. மற்றதில் வனாந்தரத்தில் பட்டினி கிடக்கும் யேசுவிடம் சாத்தான் கல்லை நீட்டுகிறான், இதை அப்பமாக்கிச் சாப்பிடு என்று. அவனுக்குக் கொம்பில்லை. தலையை மூடும் நீண்ட அங்கி போட்டு, இடுப்பில் செபமாலை தொங்கவிட்டு, நல்ல துறவி மாதிரி நிற்பான். அங்கியின் கீழ்விளிம்பில் மட்டும் பருந்தின் நகம் ஒன்று எட்டிப் பார்க்கும்.

வேலைக்கு வந்த புதிதில் கண்ணாடியைத் துடைக்கும்போது, பாம்புப் படத்துக்கு முன்னால் என்னை அறியாமலே கும்பிட்டுவிட்டேன். சின்யோரா பார்த்துவிட்டு என்ன செய்கிறாய் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் நாகத்துக்குப் பால் வைப்போம், முட்டை வைப்போம், பிள்ளைவரம் கேட்போம் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதன் பிறகு மாதா கோயிலுக்கு வரும் தன் சிநேகிதிகள் எல்லோரிடமும், "என் வீட்டிலே சாத்தானுக்குப் பால் வைக்கிற ஒருத்தி இருக்கிறாள், அவள் போடுற கோப்பிதான் பலெர்மோவிலேயே நல்ல கோப்பி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் படத்தில் செதுக்கியவன் ஏவாளுக்கும் பாம்புக்கும் ஒரே முகத்தைத்தான் போட்டிருக்கிறான் என்று எனக்குக் காட்டித்தந்ததும் அவர்தான். "பார், பழியை எங்கள் தலையிலே போட்டுவிட்டு ஆதாம் எப்படி ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்கிறான்!"

அப்படிப்பட்டவர்தான் இப்போது முட்கரண்டியைத் தட்டிவிட்டார். பேரிக்காய்த் துண்டு தரையில் விழுந்தது.

அதற்கு முந்தைய கோடையிலிருந்தே ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. அடுப்பை மறப்பார், இறந்த கணவரைக் கடைக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்வார். ஆனால் சாப்பாட்டில் குறை இருக்கவில்லை. அதனால் இது ஒரு நேரக் கோபம், பின்னேரம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். பின்னேரம் சூப்பைக் கொண்டு போனபோது உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டார். மாத்திரையைத் துப்பினார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். குளியலறைக் குழாயில் தானே கையால் ஏந்திக் கொஞ்சம் தண்ணீர் குடிப்பதைக் கண்டேன். அவ்வளவுதான். நான் ஊற்றி வைத்த கிளாசை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சின்ன நட்சத்திரம் மாதிரி இருக்கும் கோதுமைமாப் பண்டமான பஸ்தீனாவைக் கோழிச் சாற்றில் அவித்துப் பார்த்தேன். ரிக்கொத்தாப் பாற்கட்டியில் தேன் விட்டுக் கொடுத்தேன். அவருக்கு உயிரான கடலைமா வடகத்தை, அந்தப் பனெல்லேயை, சந்தையிலிருந்து சுடச்சுட வாங்கிவந்து வாசனை படும்படி பக்கத்தில் வைத்தேன். கண் அதன்மேல் போனது. தொண்டை அசைந்தது. பசி இருந்தது, எனக்குத் தெரிந்தது. ஆனால் கை எழவில்லை. படத்தில் பட்டினி கிடந்தவரைப் போல, நான் நீட்டிய ஒவ்வொன்றையும் வென்றுகொண்டிருந்தார்.

"சின்யோரா, நான்தான். என்னைத் தெரியேல்லையா?"

"தெரியும்," என்றார். "உன்னை முதலிலேயே தெரியும்."

வடக்கே தொரீனோ நகரத்தில் இருந்த அவருடைய மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவ அலுவலகத்தில் இருந்தா. சொன்னதைக் கேட்டுவிட்டு, "அந்தப் படத்தைக் கழற்றி வை. கண்ணிலே படாவிட்டால் மறந்துவிடுவா" என்றா. அது சரியாகத்தான் பட்டது. என் கணவர் வேலைக்குப் போகும் வழியில் வந்தார். சின்யோரா கட்டிலில் கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து இரண்டு பேருமாகப் படத்தை இறக்கி, துணி அலுமாரிக்குள், படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் வைத்தோம். சுவரில் வெளிறிய சதுரமொன்று மிஞ்சியது.

மத்தியானம் சின்யோராவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். அவர் வெற்றுச் சுவரைப் பார்த்தார்.  அவருடைய கை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டது.

"இறங்கிவிட்டது," என்றார். "இப்போது வீட்டுக்குள்ளே நடக்கிறது."

அதோடு, ஓரளவு கிட்டப் போக விட்டவர் முழுவதும் விலகிவிட்டார். நான் அறைக்குள் நுழைந்தாலே போர்வையைக் கழுத்துவரை இழுப்பார். உடம்பு கழுவ விடவில்லை. படத்தைத் திரும்ப மாட்டினாலும் பயனில்லை என்று தெரிந்தது. அவருக்கு இப்போது அதில் இருந்தது வெறும் படம், உயிருள்ள பாம்பு வெளியே நின்றது.

மேல்மாடி வீட்டில் வேலை செய்த மொரிஷியஸ் பெண்ணைக் கூப்பிட்டேன். அவளுடைய பாட்டன்மார் தமிழர்; அவளுக்குத் தமிழில் தேவாரம் மட்டும் வரும், மற்றதெல்லாம் இத்தாலியத்தில் கதைப்போம். நல்ல கைராசிக்காரி. சிரித்த முகத்தோடு கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சின்யோரா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இரண்டாகிவிட்டது" என்று முனகி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் கோப்பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். 

நான் பயந்தது ஒன்றுக்கு மட்டுமல்ல. அவர் என் கண்முன்னால் வற்றிக்கொண்டிருந்தார். கன்னம் குழிந்து, மணிக்கட்டில் எலும்பு துருத்தியது. அதைப் பார்க்கத் தாங்கவில்லை. ஆனால் வேறொரு பயமும் கூடவே இருந்தது. நாளைக்கு ஏதாவது நடந்தால் என்னைத்தானே கேட்பார்கள்? வெளிநாட்டுக்காரி, வீட்டில் தனியாக இருந்தவள், சமைத்தவள். பெர்மெஸ்ஸோவை, இங்கே இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்க வேறு கொடுத்திருந்தேன். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் போய் நின்று, அவ என்னைப் பாம்பு என்று நினைத்துச் சாப்பிடவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்?

கணவர் தொலைபேசியில், "நீர் விட்டிட்டு வாரும்" என்றார். "அவையின்ரை தாய், அவை வந்து பாக்கட்டும். உமக்கு ஏன் இந்தத் தலையிடி?"

"இஞ்சாருங்கோ, நான் போனா அவவுக்கு ஆர் இருக்கினம்?"

"நீர் நிண்டாலும் அவ சாப்பிடுறா இல்லையே."

 அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அறைக்குப் போகவில்லை. வழக்கமாக எங்கள் ஆட்கள் எல்லோருடனும் பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறி, குகைக்குள் இருக்கும் புனிதைக்கு மெழுகுதிரி கொளுத்துவேன். அதற்கும் போகவில்லை. சின்யோராவின் அறை வாசலில், அவர் கண்ணில் படாதபடி கதவுக்குப் பின்னால் நிலத்தில் உட்கார்ந்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். குசினியில் கோழி வெட்டும் கத்தரிக்கோல். அதுதான் கையில் அகப்பட்டது. பின்னலின் அடியில் வைத்து நெரித்தேன். ஒரே வெட்டில் அறவில்லை. நார் நாராக அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. கலியாணத்தன்று பூமாலை தாங்கிய கூந்தல். கழுவுதொட்டியில் அது சுருண்டு கிடந்ததைப் பார்த்தபோது, அது சின்யோராவின் பைத்தியமாக இருந்தாலும், எனக்கே ஒரு கணம் பாம்பு மாதிரித்தான் தெரிந்தது. துவாயில் சுற்றிக் குப்பைப் பையில் போட்டேன். கண்ணாடியில் இருந்தவளை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு நம்பிக்கை ஓடியது. இனி அவர் பார்க்கும்போது என்னில் படத்துப் பாம்பு இல்லை.

பாலைச் சூடாக்கிக்கொண்டு போனேன். சின்யோரா என் தலையை நீண்ட நேரம் பார்த்தார். முகம் இளகுவது போலிருந்தது. நான் கரண்டியைத் தூக்கினேன்.

"தோலுரித்துவிட்டாய்," என்றார்.

கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடினேன். அங்கே நின்று வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு அழுதேன். என்னைக் கட்டிப்பிடித்துக் கோப்பி நல்லது என்று சொன்ன மனிசி, என் பெயரை ஊரெல்லாம் பெருமையாகச் சொன்ன மனிசி, அந்தக் கண்ணால் இப்படியும் பார்ப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. நான் என்னில் எதை வெட்டினாலும் எதை மாற்றினாலும், அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கும் என்று அப்போது விளங்கியது.

வைத்தியர் வந்தார். கையில் சேலைன் ஏற்றினார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கால் குழாய் விட வேண்டிவரும் என்றார். ஆஸ்பத்திரியில் சாக விடாதே என்று நல்லாயிருந்த காலத்தில் சின்யோரா என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அதை வைத்தியருக்குச் சொன்னேன். "அது மகள் சொல்ல வேண்டியது" என்றார். திரும்பவும் மகளுக்கு எடுத்தேன். இந்தமுறை கெஞ்சவில்லை. "வாங்கோ. வராவிட்டால் பிறகு வந்து பயனில்லை" என்று மட்டும் சொன்னேன்.

அவ வந்த அன்று மழை. கணுக்கால்வரை நீண்ட மண்ணிற மழைக்கோட்டு, தலையில் அதன் மூடி. கதவைத் திறந்த என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. தலையைப் பார்த்துத் திகைத்தா. பிறகு நேரே குசினிக்குப் போய் அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்து முகர்ந்தா. குளிர்ப்பெட்டியைத் திறந்தா. மாத்திரைப் பெட்டியை எடுத்துக் கிலுக்கிப் பார்த்தா.

"என் அம்மாவுக்கு என்ன செய்தாய்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"ஒன்றும் செய்யாமல் ஒரு மனுஷி இப்படிப் பயப்படுவாளா?"

நான் ஒரு கரண்டியை எடுத்து, சட்டியிலிருந்து சூப்பை அள்ளி, அவவின் முன்னால் நின்று குடித்தேன். இன்னொரு கரண்டியும் குடித்தேன். அவசரத்தில் சட்டையிலும் ஊற்றிக்கொண்டேன். அவ முகத்தைத் திருப்பிக்கொண்டா. அவவும் பயந்துபோய்த்தான் இருந்தா என்பது இப்போது விளங்குகிறது. அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டுப் படிகளால் இறங்கி ஓடிவிடத்தான் கால் உன்னியது.

மகள் கோட்டுக்கூடக் கழற்றாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு தாயின் அறைக்குள் போனா. நான் வாசலில் நின்றேன். சின்யோரா கண்ணைத் திறந்தார். அந்த நீண்ட கோட்டை, தலைமூடியை, நீட்டிய கரண்டியைக் கண்டார். தலையணையோடு ஒட்டிக்கொண்டு, அத்தனை நாளும் இல்லாத ஒரு பலத்தோடு கத்தினார்:

"காலைக் காட்டு! காலைக் காட்டு!"

மகள் அப்படியே நின்றா. கோப்பையைக் கீழே வைத்தா. பிறகு அவவின் முகம் குழந்தையின் முகம் மாதிரி மாறியதைக் கண்டேன். அந்தப் படங்களுக்குக் கீழேதானே அவ சாப்பிட்டு வளர்ந்தவ. பிறகொரு நாள் சொன்னா, அந்தப் பருந்து நகத்துக்குப் பயந்து சின்ன வயதில் மேசையில் எப்போதும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பாவாம்.

அவ கோட்டைக் கழற்றி எறிந்தா. குளிர்ந்த தரையில் உட்கார்ந்து நனைந்த சப்பாத்தை இழுத்தா. அது லேசில் வரவில்லை. காலுறையையும் கழற்றினா. வெறுங்காலைத் தூக்கிக் கட்டில் விளிம்பில் வைத்தா. "பாருங்க, அம்மா. கால். என் கால்."

சின்யோரா கையை நீட்டி ஒவ்வொரு விரலாகத் தடவினார். நகங்களை விரலால் அழுத்திப் பார்த்தார்.  பிறகு அவருடைய கண் வாசலுக்கு வந்தது.

"அதுவும்."

என்னைத்தான் சொன்னார். குளிருக்குத் தடித்த கம்பளிக் காலுறையும் மேலே செருப்பும் போட்டிருந்தேன். கழற்றிவிட்டுக் கிட்டப் போனேன். என் காலை அப்படிக் கட்டிலில் தூக்கி வைக்கக் கூச்சமாக இருந்தது. மகள்தான் என் குதிக்காலைப் பிடித்து உயர்த்தினா. வெடித்த குதி. இரண்டாம் விரலில் வெள்ளி மிஞ்சி. சின்யோரா அந்த மிஞ்சியைச் சுழற்றிப் பார்த்தார்.

"பாம்புக்குக் கால் இல்லை," என்றார் தனக்குத்தானே. "கடவுள் அதன் காலைப் பறித்துவிட்டார். வயிற்றாலேதான் ஊரும்."

"ஓம், சின்யோரா," என்றேன். தமிழில்தான் வந்தது.

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கோப்பையிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"என்ன சூப்?"

மகள் ஊட்டியபோது சில கரண்டி இறங்கியது. பிறகு கரண்டியை என்னிடம் தந்தா.  சின்யோரா வாயைத் திறந்தார். அவ்வளவுதான், ஒரே கரண்டி. பிறகு களைத்துத் தூங்கிவிட்டார். குசினிக்கு வந்ததும் மகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கழுவாமல் குவிந்து கிடந்த கோப்பைகளைக் கழுவத் தொடங்கினா. நான் துடைத்தேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மகள் லீவு போட்டுத் தங்கினா. சில நாட்கள் சின்யோரா சாப்பிட்டார். சில நாட்கள் கட்டிலருகே வெறுங்காலோடு நின்றாலும் நம்பவில்லை. அந்தக் காலை யாரிடமோ கடன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய் என்பார். ஒவ்வொரு நேரச் சாப்பாடும் ஒரு வழக்கு. வென்றால் அரைக் கோப்பை, தோற்றால் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில்லை என்று மகள் வைத்தியரிடம் சொன்னா. சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

வசந்தம் தொடங்கும்போது அவர் திரும்பவும் வாயை மூடினார். இந்தமுறை கண்ணில் பயமில்லை. வெறும் களைப்பு. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பயத்தோடு வாதாடலாம், களைப்போடு எப்படி வாதாடுவது? "ஒரு வாய், சின்யோரா, ஒரே ஒரு வாய்" என்று கட்டிலருகே முழங்காலில் நின்று கேட்டேன். அவர் கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். கட்டையாக, ஒழுங்கில்லாமல் வளர்ந்து நின்ற மயிரைத் தடவினார். அவருடைய பழைய முகம் ஒரு கணம் வந்தது.

"ஏன் வெட்டினாய்?" என்றார். "எவ்வளவு அழகாக இருந்தது."

 சூடாயிருந்தது, அதனால் வெட்டினேன் என்றேன். தலையை ஆட்டினார். இரண்டொரு நாளில், ஒரு காலை, சாப்பாட்டு அறை யன்னலால் கப்பல் ஊதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, மகளின் மடியில் தலையும் என் கையில் காலுமாகப் போனார்.

வீட்டை விற்றார்கள். படங்கள் இரண்டையும் போர்வையில் சுற்றித் தொரீனோவுக்குக் கொண்டுபோனா மகள். எனக்கு எழுத்தில் ஒரு நற்சான்று தந்தா. அதை விட, நிலையத்தில் ரயில் ஏறுமுன் என்னைக் கட்டிப்பிடித்து, "உன்னிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றா. பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் கிடக்கிறது. தலையை மட்டும் ஆட்டினேன்.

கொஞ்ச நாள் வேலையில்லாமல் அறையில் கிடந்தேன். யாருக்கும் சாப்பாடு கொடுக்கும் வேலை இனி வேண்டாம், படி கழுவும் வேலை ஏதாவது பாருங்கள் என்று கணவரிடம் சொன்னேன். படி கழுவும் வேலை கிடைக்கவில்லை. கிடைத்தது ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு கிழவரைப் பார்க்கும் வேலை. முதல்நாள் மத்தியானம் சூப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கரண்டி அவர் வாய்க்குப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உறிஞ்சிக் குடித்து, பாணால் கோப்பையின் அடியைத் துடைத்து, கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"இன்னும் இருக்கா?"

குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அவருக்குக் கேட்காதபடி அழுது முடித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டாவது கோப்பையைக் கொண்டுபோய் வைத்தேன். அதையும் முழுவதும் குடித்துவிட்டு, உப்புக் குறைவு என்றார்.